குத்துச்சண்டை நடத்தப் போகிறீர்களா? நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். பனியன் தொழில், கையில் கொஞ்சம் காசு, தொழில்முறை குத்துச்சண்டை நடத்த ஆசை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து போஸ்டரும் அடித்துவிட்டார். எதிராளி எத்தனை கிலோ என்று கேட்டேன். "அறுபது, அறுபத்தொன்னு இருக்கும்ணா, கோச் சொன்னாருங்க" என்றார். பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. லைட் செட், மைக் செட் சொதப்பல்களெல்லாம் பட்டால் தானாகத் தெரியும். இது அப்படியல்ல.

எடையை வாய்வார்த்தைக்கு விடுவது

லைட்வெயிட் என்ற எடைப்பிரிவின் உச்சவரம்பு 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. எடை பார்ப்பது வழக்கமாக முந்தின நாள். கோவையில் என் முதல் நிகழ்ச்சிக்கு வெளியூர்ப் பையன் ரயிலில் வந்திறங்கி தராசில் ஏறினான்: 65. நம்ம பையன் ஒரு மாதமாகச் சோற்றைக் குறைத்து 61-இல் நிற்கிறான். நாலு கிலோ ஒரு ராத்திரியில் இறங்குமா? இறக்கினாலும், உடம்பில் தண்ணி வற்றினவனை ரிங்கில் ஏற்றித் தலையில் அடி வாங்க விடுவது பாவம். நம்ம பையனின் கோச் முடியாது என்றார், அவர் செய்ததுதான் சரி. என்னிடம் ஒப்பந்தம் என்று இருந்தது வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல். எடை தப்பினால் பர்ஸில், அதாவது சண்டைக்குப் பேசிய சம்பளத்தில், எவ்வளவு பிடித்தம், எத்தனை கிலோ வரை ஒத்துக்கொள்வது, எதுவும் எழுதவில்லை. வந்தவனுக்கு ரயில், ரூம், பேசிய பணத்தில் பாதி, அப்புறம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டு வந்த கூட்டம், எல்லாம் என் தலையில். ஈமு கோழியில் பணம் போட்டவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாற்று ஆள் இல்லாதது

1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் முகமது அலி–ஜார்ஜ் ஃபோர்மேன் சண்டை செப்டம்பர் 25-க்கு வைத்தது. பயிற்சியில் ஃபோர்மேனுக்குக் கண்ணுக்கு மேல் கிழிந்து, அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. அந்தச் சண்டையை நடத்தின டான் கிங் பக்கம் ஒரு நாட்டு அரசாங்கத்தின் பணமே இருந்தது, ஐந்து வாரம் தாங்கியது. நமக்கோ மறுநாளே மண்டபத்தில் யாராவது கல்யாணம் வைத்திருப்பார்கள். அதே எடையில் சேலத்திலோ ஈரோட்டிலோ ஒருவரைப் பயிற்சியோடு தயாராக வைத்து, சண்டை போடாவிட்டாலும் அவருக்கு ஒரு தொகை கொடுங்கள். எதிராளியைத் தராசில் நிற்கவைத்து வீடியோ வாங்குங்கள், கையில் அன்றைய பேப்பரோடு. பழைய வீடியோ அனுப்பின ஆளும் உண்டு.

ஓசி பாஸ்

கொடுக்காதீர்கள். மச்சானுக்கும்தான்.

டாக்டர், ஆம்புலன்ஸ்

இரண்டும் வந்து நிற்காமல் மணி அடிக்கக் கூடாது.

நோஞ்சான்களைக் கூட்டி வருவது

டிக்கெட் விற்பது உள்ளூர்ப் பையன்தான், அவன் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நமக்கும் இருக்கும். அதற்காக முதல் ரவுண்டிலேயே விழுகிற ஆளாகப் பார்த்துப் பிடித்து வராதீர்கள். சேவற்கட்டில் ஜோடி பார்த்துப் பழகின சனம் இது, ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

நேற்று அந்தத் தம்பி போன் செய்தார். வீடியோ வந்துவிட்டதாம், 63.8. சண்டைக்கு இன்னும் பதினாறு நாள். சேலத்தில் ஆள் தேடுகிறோம்.