வயசானால் விழத்தான் செய்வார்களா?

அம்மாப்பேட்டை வீட்டில் எங்கள் அம்மாயி குளியலறை வாசலில் விழுந்தது பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முழங்கை கன்றிப்போயிருந்ததைப் பார்த்துக் கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேன் கண்ணு" என்றார். சொன்னால் திட்டுவோம், தனியாக எங்கும் விடமாட்டோம் என்ற பயம். அடுத்த முறை விழுந்தபோது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

முதல் தவறு எங்களுடையதுதான். விழுந்ததைச் சொல்ல முடியாத வீடாக வைத்திருந்தோம். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு ஏறக்குறைய 2 மடங்கு. அதனால் அடிபடாமல் விழுந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த நேரம், எழுந்ததுமா நடக்கும்போதா, தலை சுற்றியதா கால் தடுக்கியதா என்று கோபப்படாமல் கேளுங்கள்.

"வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவது அடுத்தது. குழித்தறியில் நெடுநேரம் உட்கார்ந்து நெய்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கி அழுத்தம் குறைவதால் வருவது அது. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதைக் கவனித்தே ஆக வேண்டும். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை, மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை எல்லாமே தள்ளாட்டம் தரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அப்புறம், பாசத்தால் செய்யும் தவறு ஒன்று உண்டு. "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று நாற்காலியிலேயே இருக்க வைப்பது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசை வற்றும். தசை வற்றினால் இன்னும் எளிதாக விழுவார்கள். வெறும் நடையும் போதாது. கையூன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காரவும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கவும் பழக்குங்கள். முதலில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வீட்டுக்குள் பெரும்பாலும் ஈரமும் இருட்டும்தான் வில்லன்கள். சிவப்பு சிமெண்ட் தரையில் எண்ணெய்க் குளியல் அன்று சொல்லவே வேண்டாம். துண்டு போடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது. சுவரில் இறுக்கிய கைப்பிடி தனியாக வேண்டும். ஏற்காட்டில் வாசற்படியில் பாசி பிடிக்கும், பனிமூட்டத்தில் படியின் விளிம்பு தெரியாது. குளிருக்குப் போட்ட காலுறையோடு வழவழ தரையில் நடப்பதும் ஆபத்து. படி இறங்கும்போது, தூரப் பார்வைக்கும் கிட்டப் படிக்கவும் சேர்த்துப் போடும் இரண்டு பார்வைக் கண்ணாடியின் (பைஃபோகல்) கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் படி மங்கிவிடும்.

சரி, விழுந்துவிட்டார். பதறிப்போய்க் கைத்தாங்கலாகத் தூக்கிவிடாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். காலை இழுக்கவோ நீவவோ கூடாது, எண்ணெய்க்கட்டு போட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தவும் கூடாது. அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதன் பிறகும் சில வாரங்கள் வரை தலைவலி, மந்தம், பேச்சில் குழறல் தென்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகவும் கசியும்.