பல டைரக்டரி ப்ராஜெக்டில் யூனிட் டெஸ்ட் பில்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்ட் தோற்றால் யாராவது கவனிப்பார்கள். ஓடாமலே போன டெஸ்டை யாரும் கவனிப்பதில்லை. கோர், நெட்வொர்க், யூஐ என்று ப்ராஜெக்ட் பல டைரக்டரிகளாகப் பிரிந்ததும் வரும் சிக்கல்களில் மோசமானவை இந்த இரண்டாம் வகைதான். பில்டு பச்சையாக முடிந்திருக்கும். உள்ளே பாதி டெஸ்ட்கள் ஓடியிருக்காது. பில்டு கருவிகளான மேக், சிமேக் இரண்டையும் வைத்து சி, சி பிளஸ் பிளஸ் ப்ராஜெக்ட் நடத்துபவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஷெல் லூப்பில் மேக்கை ஓட்டுவது

மேல்மட்ட மேக்ஃபைலில் ஒரு ஃபார் லூப் எழுதி, ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் போய் "மேக் டெஸ்ட்" ஓட்டுவது பழைய பழக்கம். லூப்பின் எக்ஸிட் ஸ்டேட்டஸ் (வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண்) என்பது கடைசிச் சுற்றின் எக்ஸிட் ஸ்டேட்டஸ்தான். கோர் தேறி, நெட்வொர்க் தோற்று, கடைசியில் யூஐ தேறினால் லூப் 0 தரும். மேக்கும் எல்லாம் சரி என்று முடித்துவிடும். நெட்வொர்க்கின் பிழைச் செய்தி திரையில் மேலே ஓடிப் போயிருக்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் "தோற்றால் எக்ஸிட் 1" என்று சேர்ப்பது குறைந்தபட்சத் தீர்வு. அதைவிட நல்லது, ஒவ்வொரு டைரக்டரியையும் தனித்தனி ஃபோனி டார்கெட்டாக (கோப்பு எதையும் குறிக்காத, வெறும் பெயரான டார்கெட்டாக) எழுதுவது. அப்போது தோல்வியை மேக்கே பிடிக்கும். மைனஸ் ஜே கொடுத்தால் டைரக்டரிகள் இணையாக ஓடும். மைனஸ் கே கொடுத்தால் ஒன்று தோற்றாலும் மற்றவை ஓடி முடியும், ஆனால் மொத்த முடிவு தோல்வி என்றே வரும். உள்ளே மேக்கை அழைக்கும் இடத்தில் வெறும் கட்டளைப் பெயரை எழுதாதீர்கள். டாலர் குறியோடு வரும் மேக் மாறியை எழுதுங்கள். இல்லாவிட்டால் இணை வேலைகளைப் பங்கிடும் ஜாப்சர்வரின் தொடர்பு அறுந்து, மேலே கொடுத்த மைனஸ் ஜே உள்ளே வேலை செய்யாது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். டைரக்டரிக்கு ஒரு மேக் என்று பிரித்தால் எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று காட்டும் சார்பு வரைபடமும் துண்டு துண்டாகிவிடுகிறது. மென்பொருள் வல்லுநர் பீட்டர் மில்லர் 1998இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். கோரில் ஒரு ஹெடரைத் திருத்திவிட்டு நெட்வொர்க் டைரக்டரியில் மட்டும் டெஸ்ட் ஓட்டினால், புது ஹெடரோடு கம்பைல் ஆன டெஸ்ட், கோரின் பழைய லைப்ரரியோடு லிங்க் ஆகும். ஸ்ட்ரக்டில் ஒரு ஃபீல்டு கூடியிருந்தால் போதும், காரணமே புரியாத கிராஷ் வரும். முடிந்தவரை முழு ப்ராஜெக்டுக்கும் ஒரே வரைபடம் இருக்கட்டும். டைரக்டரிக்குள் இருப்பது அதில் சேர்க்கப்படும் துண்டுக் கோப்பாக மட்டும் இருக்கட்டும்.

சிமேக்கில் டெஸ்டிங்கைத் தவறான இடத்தில் இயக்குவது

எனேபிள்_டெஸ்டிங் கட்டளையை டெஸ்ட்ஸ் டைரக்டரிக்குள் மட்டும் எழுதினால், பில்டு டைரக்டரியின் மேல்மட்டத்தில் சிடெஸ்ட் (சிமேக்கோடு வரும், டெஸ்ட்களை ஓட்டும் கருவி) ஓட்டும்போது டெஸ்ட்களே இல்லை என்று வரும். டெஸ்ட் பட்டியல் கோப்பு அந்தக் கட்டளை இருக்கும் டைரக்டரியிலும் அதற்குக் கீழும்தான் உருவாகும். ஆகவே அது மேல்மட்ட சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பில், சப்டைரக்டரிகளைச் சேர்ப்பதற்கு முன்பே இருக்க வேண்டும்.

இன்னொன்று: சிடெஸ்ட் எதையும் பில்டு செய்யாது. சிமேக் உருவாக்கும் மேக்ஃபைலின் "டெஸ்ட்" டார்கெட்டும் இயல்பாகச் செய்யாது. கோடைத் திருத்திவிட்டு நேராக டெஸ்ட் ஓட்டினால் ஓடுவது பழைய பைனரி. சிடெஸ்டை அழைத்து, எல்லா டெஸ்ட் எக்ஸிகியூட்டபிள்களையும் சார்ந்திருக்கும் "செக்" என்ற கஸ்டம் டார்கெட் ஒன்றை எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

டெஸ்ட்களை ஸ்டாடிக் லைப்ரரியில் அடைப்பது

எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது இதுதான். ஒவ்வொரு டைரக்டரியின் டெஸ்ட்களையும் ஒரு ஸ்டாடிக் லைப்ரரியாக்கி, கடைசியில் ஒரே ரன்னரோடு லிங்க் செய்வது பார்க்க அழகாக இருக்கும். கூகுள்டெஸ்ட் போன்ற சி பிளஸ் பிளஸ் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் ஒவ்வொரு டெஸ்டும் ஒரு குளோபல் ஆப்ஜெக்டின் வழியாகத் தன்னைத் தானே பதிவு செய்துகொள்கிறது. வெளியிலிருந்து யாரும் அதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே பைனரியாக இணைக்கும் லிங்கரோ, தீராமல் நிற்கும் ஒரு சிம்பலை (யாரோ கேட்டும் இன்னும் கிடைக்காத ஃபங்ஷன் அல்லது மாறியை) தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும்தான் ஸ்டாடிக் லைப்ரரியிலிருந்து எடுக்கும். உங்கள் டெஸ்ட் கோப்பை யாரும் கேட்கவில்லை, எனவே விட்டுவிடும். எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை. ரன்னர் "0 டெஸ்ட்கள்" என்று சொல்லி வெற்றியோடு வெளியேறும். எல்லாமே காணாமல் போனாலாவது கண்ணில் படும். நெட்வொர்க்கின் டெஸ்ட்கள் மட்டும் விடுபட்டால் கண்டுபிடிப்பது கடினம்.

டைரக்டரிக்கு ஒரு டெஸ்ட் எக்ஸிகியூட்டபிள் வைப்பதுதான் எளிய வழி. ஒரே ரன்னர்தான் வேண்டும் என்றால் சிமேக்கின் ஆப்ஜெக்ட் லைப்ரரியைப் பயன்படுத்தி, அதை ரன்னரோடு நேரடியாக லிங்க் செய்யுங்கள். இடையில் இன்னொரு லைப்ரரி வந்தால் ஆப்ஜெக்ட்கள் அதைத் தாண்டி வராது. ஸ்டாடிக் லைப்ரரியைத் தவிர்க்கவே முடியாவிட்டால் லைப்ரரி முழுவதையும் எடுக்கச் சொல்லும், லிங்கரின் ஹோல் ஆர்கைவ் ஆப்ஷன் இருக்கிறது; சிமேக் 3.24 முதல் அதை முக்கியத் தளங்களுக்கு ஒரே மாதிரி எழுதலாம்.

சோர்ஸ் கோப்புகளை டெஸ்டுக்காக இரண்டாம் முறை கம்பைல் செய்வது

அப்ளிகேஷனின் மெயின் ஃபங்ஷன் டெஸ்டின் மெயினோடு இடிக்கிறது என்பதற்காக, தேவையான சோர்ஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி டெஸ்ட் டார்கெட்டில் சேர்ப்பவர்கள் உண்டு. அங்கே ஃபிளாக்குகள் வேறாக இருந்தால், நீங்கள் சோதிப்பது வெளியிடும் கோடை அல்ல. பில்டு நேரமும் கூடும். மெயினை மட்டும் தனிக் கோப்பில் வைத்து, மற்ற அனைத்தையும் லைப்ரரியாக்கி, அப்ளிகேஷனும் டெஸ்டும் அந்த ஒரே லைப்ரரியை லிங்க் செய்யட்டும்.

ஃபிளாக் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். சிமேக்கின் ரிலீஸ் பில்டு இயல்பாக என்டீபக் மேக்ரோவை வரையறுக்கிறது. அது இருந்தால், நிபந்தனையைச் சோதிக்கும் சி மொழியின் அசர்ட் வெற்றுவரியாகிவிடும். அசர்டை நம்பி எழுதிய டெஸ்ட் எதையும் சோதிக்காமலே தேறிவிடும். டெஸ்டில் ஃப்ரேம்வொர்க்கின் சோதனை மேக்ரோக்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

பாதைகளும் தற்காலிகக் கோப்புகளும்

சிடெஸ்ட் இயல்பாக டெஸ்டை அதன் பைனரி டைரக்டரியிலிருந்து ஓட்டும். டேட்டா கோப்பை ரிலேட்டிவ் பாதையில் திறக்கும் டெஸ்ட், ஐடிஇயில் தேறி சிஐயில் (தானியங்கி பில்டு அமைப்பில்) தோற்பது பெரும்பாலும் இதனால்தான். டெஸ்டைப் பதிவு செய்யும் ஆட்_டெஸ்ட் கட்டளையில் வொர்க்கிங் டைரக்டரியை வெளிப்படையாகக் கொடுங்கள், அல்லது டேட்டா பாதையைக் கம்பைல் டெஃபினிஷனாக அனுப்புங்கள். இரண்டு டைரக்டரிகளின் டெஸ்ட்கள் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பு எழுதினால், மைனஸ் ஜே போட்ட அன்றுதான் ஒன்றையொன்று அழிக்கும். கோப்புப் பெயரை டெஸ்டுக்குத் தனித்தனியாக வையுங்கள். ஒரே போர்ட் போலப் பிரிக்க முடியாத வளம் என்றால் ரிசோர்ஸ் லாக் பண்பைக் கொடுங்கள்.

எண்ணிக்கையைப் பார்க்காமல் விடுவது

பைதானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட் ஒரு டெஸ்டும் கிடைக்காவிட்டால் 5 என்ற எக்ஸிட் கோடு தந்து பில்டை நிறுத்திவிடும். சிடெஸ்டில் இதற்கு "நோ டெஸ்ட்ஸ்" ஆப்ஷனை எர்ரர் என்று நாமே கொடுக்க வேண்டும். அதுவும் மொத்தமும் பூஜ்யமானால்தான் கத்தும். ஒரு டைரக்டரி மட்டும் விடுபட்டால் கத்தாது. சிடெஸ்டுக்குப் மைனஸ் "என்" (பெரிய எழுத்து N) ஆப்ஷன் கொடுத்தால், எதையும் ஓட்டாமல் பட்டியலையும் மொத்த எண்ணிக்கையையும் காட்டும். டைரக்டரிக்கு ஒரு லேபிள் வைத்து, லேபிள் வாரியாக இந்த எண்ணை எடுத்து, முந்தைய பில்டைவிடக் குறைந்தால் சிஐ நிற்கும்படி செய்யுங்கள். கூகுள்டெஸ்ட் பைனரி முழுவதையும் ஒரே ஆட்_டெஸ்டாகப் பதிவு செய்திருந்தால் உள்ளே எத்தனை இருந்தாலும் 1 என்றுதான் எண்ணும். அங்கே சிமேக் 3.10இல் வந்த ஜிடெஸ்ட்_டிஸ்கவர்_டெஸ்ட்ஸுக்கு மாறுங்கள். அது பில்டின்போது பைனரியை ஓட்டிப் பட்டியல் எடுக்கும். பட்டியல் எடுக்க இயல்பான கால வரம்பு 5 வினாடி. வேறு வகை மெஷினுக்காகக் கிராஸ் கம்பைல் செய்யும்போது அந்த பைனரி பில்டு மெஷினில் ஓடாது என்பதால் எமுலேட்டரையும் குறிப்பிட வேண்டும்.