அக்காவின் கல்லடி வீடு: மரணசாசனமும் மருமகளும்

அக்காவின் மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. கல்லடி வீட்டையும் வளவையும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக எழுதியிருந்தார். ஆனால் அங்கே குடியிருந்த அக்காவின் மகள், என் மருமகள், மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கே உரியது என்று சொல்லி, விலைமதிப்பீட்டாளர் வந்த அன்று கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டாள். அந்த வழக்கத்தை நானும் மதிப்பவன்தான்; எங்கள் குடும்பத்திலும் வீடுகள் பெண்களுக்கே போயின. எனினும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசுக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட்ட மரணசாசனத்தை வழக்கத்தின் பேரில் ஒதுக்கிவிட முடியாது.

மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசனம் நிரூபிக்கப்படும்வரை அவளோடு வாதாடவில்லை. அதற்கு முன் என் பேச்சுக்கு அதிகாரம் ஏது? பின்னர், வெளியேறு என்ற சொல்லே இல்லாமல், வரிக்கும் திருத்த வேலைக்கும் அவள் செலவழித்ததற்கான பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினேன். “மாமா, ஓடு மாத்தினது என்ட காசு” என்றபடி, பிஸ்கட் டின் நிறையச் சீட்டுகளோடு அவளே வந்தாள்.

அந்தச் செலவைக் கழித்து, அண்ணன்மாரின் பங்குகளை மதிப்பீட்டு விலைக்குத் தவணையாக அவளே வாங்குவதென எழுத்தில் உடன்பட்டோம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டால் வீடு ஏலத்துக்கும் போகலாம் என்று சட்டத்தரணி விளக்கியதே அண்ணன்மாரை இணங்க வைத்தது. கடைசித் தவணை கட்டும்வரை வீட்டு உறுதிப் பத்திரம் என்னிடமே இருக்கும்.