பிக்கப்பின் பின்பக்கத்தை நிமிர்த்தும்போது நடக்கும் தவறுகள்

பாரம் ஏற்றியதும் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. உடனே பின் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் அடுக்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டோ, அச்சுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே காற்று அடைத்த ரப்பர் பையான காற்றுப்பையை மாட்டியோ நிமிர்த்திவிடுகிறார்கள். வண்டி பார்க்க நேராக நிற்கும். ஆனால் பின் அச்சின் மேல் இருந்த எடை அப்படியேதான் இருக்கும். சஸ்பென்ஷன் வேலையில் நடக்கும் பாதித் தவறு இந்த மயக்கத்தில் வருவதுதான்.

தயாரிப்பாளர் தகட்டில் இருக்கும் மொத்த எடையும் அச்சு எடையும் ஸ்பிரிங்கை மட்டும் பார்த்துப் போட்டவை இல்லை. பிரேக், வீல் பேரிங், ஆக்ஸில், சேசிஸ் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. முறைப்படி சான்று வாங்காமல் பட்டையை மட்டும் மாற்றினால் அந்த எண் ஏறாது. டயருக்கும் தனி வரம்பு உண்டு: பக்கவாட்டில் 112 என்ற சுமை எண் இருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 121 என்றால் 1450 கிலோ. அதுவும் அதற்குரிய காற்றழுத்தம் இருந்தால்தான்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமான பாரம், ஆட்கள், டிரெய்லர் எல்லாவற்றோடும் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். டிரெய்லர் கணக்கு பலரை ஏமாற்றும். வீல்பேஸ் 3 மீட்டர், டிரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்து பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வைப்போம். பந்தின் மேல் 200 கிலோ அழுத்தினால் பின் அச்சில் 280 கிலோ ஏறும், முன் அச்சில் 80 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகிப் போவதும் முன் பிரேக் பிடிப்பு தளர்வதும் இந்த 80 கிலோவால்தான். காற்றுப்பை பின்பக்கத்தைத் தூக்குமே தவிர, அந்த எடையை முன்னால் திருப்பித் தராது. அதற்கு எடையைப் பகிரும் வகைக் கொக்கி வேண்டும். உங்கள் வண்டிக்கும் டிரெய்லருக்கும் அதை அனுமதித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பின்பக்கம் தொங்குகிறதே என்று டிரெய்லர் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னும் மோசம். கொக்கிப் பந்தின் மேல் அழுத்தும் எடை குறைந்ததும் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

பட்டறைகளில் அதிகம் கோட்டைவிடுவது லோட் சென்சிங் வால்வை. பல பிக்கப்களில் சேசிஸில் இருந்து பின் அச்சுக்கு ஒரு சிறு கம்பி போகும். அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துப் பாரம் எவ்வளவு என்று அந்த வால்வு ஊகிக்கும். நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கியதும் இடைவெளி கூடுகிறது. வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் முழுதாக இருக்க, பிரேக் மட்டும் காலி வண்டிக்கு உரியதாக இருக்கும். ஆகவே பட்டை மாற்றினாலும் காற்றுப்பை போட்டாலும் அந்தக் கம்பியின் அமைப்பைச் சர்வீஸ் கையேட்டின்படி சரிசெய்தே ஆகவேண்டும்.

காற்றுப்பை போடுபவர்கள் இரு பக்கக் குழாயையும் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றில் சேர்த்துவிடுகிறார்கள். வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கும்போது காற்று உட்பக்கப் பைக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும். தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு வையுங்கள். பையைக் காற்றே இல்லாமல் ஓட்டினால் ரப்பர் மடிந்து கிழியும். காலி வண்டியிலும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அழுத்தம், பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ அளவு, இருக்க வேண்டும். குழாய் சைலன்ஸர் பக்கம் போகக் கூடாது. இன்னொன்று: பட்டை பாரத்தை முன் பின் இரண்டு மாட்டுமிடங்களில் சேசிஸுக்குக் கொடுக்கும், பை நடுவில் ஒரே இடத்தில் முட்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் தொங்கும் வண்டியில் அந்த இடத்தில் சேசிஸ் வளைந்துபோவதற்கு இதுவே காரணம்.

பட்டை தேர்வில் ஆசை வேண்டாம். எப்போதும் 500 கிலோ இருக்கும் என்று செய்த பட்டையை, வாரத்தில் பாதி நாள் காலியாக ஓடும் வண்டிக்குப் போட்டால் பின்பக்கம் குதிக்கும். ஈரச் சாலையில் டயர் பிடிக்காது. ஷாக் அப்சார்பர் பாரம் தாங்காது, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவதுதான் அதன் வேலை. எனவே கெட்டிப் பட்டைக்குப் பழைய ஷாக் போதாது.

மாட்டும்போது, பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சு மேடையின் குழியில் உட்கார்ந்ததா என்று பார்த்து, நான்கு நட்டையும் குறுக்கு வரிசையில், படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்களின் கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பின்பக்கம் உயர்ந்ததும் புறப்படும்போது அதிர்ந்தால் பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் ஷாஃப்ட் மூட்டில் உள்ள கிராஸ் போய்விடும்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து யூ போல்ட் தளரும், மறுபடி இறுக்க வேண்டும். அப்போது நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே கோடு விலகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.