எனர்ஜி டிரிங்க் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக் கணக்கிடும் முறை

கோயில் கொடை விழாவை ஒட்டி நெல்லை மாவட்டத்து வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஊர்களில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளுக்குப் போய் வந்தவர்கள், ஆடுகளத்து ஓரத்தில் உருண்டு கிடக்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க் பாட்டில்களைக் கவனித்திருப்பார்கள். பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்கே கிடைப்பதால், களத்தில் இறங்கும் பையன்களும், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் ஓட்டுநர்களும், பாளையங்கோட்டை விடுதிகளில் விடிய விடியப் படிக்கும் மாணவர்களும் இதைக் குளிர்பானம்போல் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பாட்டில் குடித்த ஆரோக்கியமான பெரியவருக்கு எதுவும் ஆகிவிடாது என்பதே என் எண்ணம்; தேநீர், காபியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீன் என்னும் பொருள் இதிலும் இருக்க, நாள் முழுவதும் அது எவ்வளவு உள்ளே போனது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை. அந்தக் கூட்டலை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் பாட்டிலைத் திருப்புங்கள். சென்ற கொடைக்கு வந்திருந்த என் அக்காள் மகன், "மாமா, இது ஜூஸ்தானே?" என்று கேட்டபடி மூடியைத் திருகினான். சுவரொட்டிபோல் மின்னும் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்து எழுத்தைப் படிக்க, அலைபேசிக் கேமராவால் பெரிதாக்க வேண்டியிருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். காஃபீன் மிகுந்தது என்றும், குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு ஏற்றதல்ல என்றும், ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்கக் கூடாது என்றும் அச்சிட வேண்டும். அத்தனையும் அங்கே இருந்தன, பொடி எழுத்து ஆங்கிலத்தில். 100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும் எண்ணை இரண்டரையால் பெருக்கினால் 250 மில்லி பாட்டிலின் கணக்கு வந்துவிடும். 30 என்று இருந்தால் 75 மில்லிகிராம்.

அடுத்ததாக, அன்றைக்குக் குடித்த தேநீரையும் காபியையும் இதோடு சேர்க்க வேண்டும். கடைக்குக் கடை மாறினாலும், ஒரு கிளாஸ் தேநீருக்கு 35, ஒரு தம்ளர் ஃபில்டர் காபிக்கு 80 மில்லிகிராம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். (சுக்குக் காபியின் பெயரில் மட்டும்தான் காபி, காபித்தூள் சேர்க்காமல் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினால் அதில் காஃபீன் இல்லை.) ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400, ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வரையறுத்தது. காலையில் ஒரு காபி, வழியில் நான்கு தேநீர், இரவில் மூன்று பாட்டில் என்று போகும் ஓட்டுநருக்கு 80, 140, 225 எனச் சேர்ந்து 445 ஆகிவிடுகிறது. அவர் பாட்டிலைக் குறைத்துவிட்டு, கண் செருகும்போது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஒரு தேநீர் குடித்த கையோடு இருபது நிமிடம் தூங்கி எழுவது நல்லது. காஃபீன் இரத்தத்தில் ஏறுவதற்கும் அவர் விழிப்பதற்கும் நேரம் சரியாக இருக்கும்.

வளரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதே அதே ஐரோப்பிய ஆணையம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு. 45 கிலோ எடையுள்ள பிளஸ் டூ மாணவனுக்கு 135 மில்லிகிராம், அதாவது காலைக் காபியும் ஒரு பாட்டிலும் சேர்ந்தாலே எல்லை தாண்டிவிடும். குழந்தைகள், பதின்வயதினர் உணவில் எனர்ஜி டிரிங்குக்கு இடமே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-லேயே சொல்லிவிட்டது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேரச் சேரத்தான் நமக்குத் தூக்கம் வருகிறது. காஃபீன் அது போய் அமரும் இடங்களை அடைத்துக்கொள்கிறதே தவிர, சோர்வைப் போக்குவதில்லை. குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், இரவு பத்து மணிக்குக் குடித்தவனுக்கு விடிகாலை மூன்று மணிக்கும் அரைப் பாட்டில் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அவன் படுத்தாலும் ஆழ்ந்த உறக்கம் வராது. காலையில் பரீட்சைக் கூடத்தில் படித்தது நினைவுக்கு வராமல் தவிப்பான். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வேண்டாம் என்று வீட்டில் ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையையும் அதே பின்பக்கத்தில் பார்க்கலாம். 100 மில்லிக்கு 11 கிராம் என்றால் பாட்டிலுக்கு 27 கிராமுக்கு மேல், ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் விரும்பத்தக்கதாகச் சொல்வதே ஏறத்தாழ 25 கிராம்தான். சர்க்கரை இல்லாத வகையிலும் காஃபீன் குறைவதில்லை. இரண்டுமே புளிப்பு மிகுந்தவை என்பதால் பல் எனாமலை அரிக்கும்.

கபடிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது, வியர்வையில் போகும் உப்பையும் நீரையும் ஈடுகட்டுவதற்காக இந்தப் பானம் தயாரிக்கப்படவில்லை என்பதாகும். 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 34 பேர் ஏறத்தாழ ஒரு லிட்டர் குடித்தபோது இரத்த அழுத்தம் உயர்ந்ததோடு இதயத் துடிப்பின் மின்னோட்ட இடைவெளியும் (ஒரு துடிப்புக்கான மின்தூண்டல் தொடங்கியதிலிருந்து இதயம் அடுத்ததற்குத் தயாராகும் வரையிலான நேரம்) நீண்டது. பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டிருந்து, அது தெரியாமலே ஆடும் பையனுக்கு இது ஆபத்தாகலாம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் களக்காட்டு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று, இடையிடையே தண்ணீர், முடிந்ததும் உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம் போதும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மதுவோடு இதைக் கலக்கவே கூடாது. போதை ஏறியது தெரியாமல் மேலும் குடிக்க வைத்துவிடும்.

தினமும் இரண்டு மூன்று என்று பழகியவர்கள் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கி, ஒரு வாரம்கூட நீடிக்கலாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அரைப் பாட்டில் வீதம் குறைத்து வந்தால் அந்தத் தொல்லை குறையும். மருந்துக்கடையில் பலர் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை காஃபீன் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், அதைச் சாப்பிடும் நாட்களில் இந்தப் பானம் அறவே வேண்டாம்.

கை நடுக்கமும் படபடப்பும் லேசாக இருந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கலாம். நெஞ்சுவலி, தாறுமாறான துடிப்பு, மயக்கம், வலிப்பு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை ஆளைத் தனியே விடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையோ பக்கத்து ஊர் மருத்துவமனையோ, எங்கே போனாலும் மருத்துவர் கேட்கும் முன்பே எத்தனை பாட்டில், எத்தனை மணிக்கு, கூட வேறென்ன என்பதைச் சொல்லிவிட்டு, காலி பாட்டிலையும் அவர் கையில் கொடுங்கள்.