காது இரைச்சலுக்குக் கேட்கும் கருவி: முதல்முறை போடுபவர்களுக்கு

ஊரே அடங்கிய பிறகும் காதுக்குள் ‘கொய்ங்…’ என்று ஓயாமல் ஒரு சத்தம். சிலருக்குச் சில்வண்டு, சிலருக்கு ஆவி சீறும் ஒலி. டின்னிட்டஸ் என்று மருத்துவர் சீட்டில் எழுதுவது இதைத்தான். வயதாலோ பட்டறை இரைச்சலாலோ உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் பழுதாகும்போது, மூளைக்குப் போகிற ஒலித்தகவல் குறைகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அதில் பிறப்பதே இந்தச் சத்தம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

கேட்கும் கருவி, குறைந்துபோன வெளிச்சத்தங்களை மறுபடி உள்ளே அனுப்புகிறது. இரைச்சலை அது அழிக்காது, பின்னுக்குத் தள்ளும். கேட்கும் திறன் குறையாதவர்களுக்கு இது பெரும்பாலும் முதல் வழியாக இருக்காது.

1. முதலில் ஈ.என்.டி. மருத்துவர்

அடைத்திருக்கும் குறும்பியை எடுத்தாலே சிலருக்குச் சத்தம் அடங்கிவிடும். அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் இதைக் கிளப்பலாம், அதனால் சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலோடு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சத்தம் ஒரே காதில் மட்டும் இருந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலும் கூடுதல் பரிசோதனை தேவை. ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். அன்றைக்கே போய்விடுங்கள், சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும்.

2. ஆடியோகிராம்

சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எந்தெந்த ஒலி கேட்கிறது என்று பார்ப்பார்கள். வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு இடப்பக்கம் மேலே இருந்து வலப்பக்கம் சரிந்தால், கீச்சென்ற மெல்லிய ஒலிகள் உங்களுக்குக் குறைந்திருக்கின்றன என்று பொருள். இரைச்சல் உங்கள் அன்றாடத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, மதிப்பெண் 100 வரை. அதையும் நிரப்பித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கருவியைத் தேர்ந்தெடுப்பது

வெளியே தெரியக்கூடாது என்று காதுக்குள் ஒளியும் குட்டிக் கருவியைத்தான் முதலில் எல்லோரும் கேட்பார்கள். இரைச்சல் இருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது. காதை விரலால் அடைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் சத்தம் ஓங்கும். துவாரத்தை அடைக்கும் கருவியும் இதையே செய்யலாம். கனத்த, தாழ்ந்த ஒலிகள் இயல்பாகக் கேட்பவர்களுக்கு, காதின் பின்னால் உட்கார்ந்து, ஓட்டைகள் உள்ள மெல்லிய ரப்பர் முனை மட்டும் உள்ளே போகிற வகை நல்லது. வெளிக்காற்றும் சத்தமும் தாராளமாக உள்ளே வரும். குறைபாடு அதிகமென்றால் இது போதாது, அச்செடுத்துச் செய்யும் முனை வேண்டியிருக்கும்.

இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போடுவதே முறை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் ஒலிபெருக்கிகள் வேண்டாம். அவை ஆடியோகிராமைப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கூட்டும். விலையுயர்ந்த கருவியைச் சரியாகப் பொருத்தாமல் விடுவதைவிட, நடுத்தரக் கருவியை ஒழுங்காகப் பொருத்துவது மேல் என்பது என் கட்சி. வாங்குவதற்கு முன் சில நாள் போட்டுப் பார்க்கக் கேளுங்கள்.

4. அமைப்பு

“எனக்கு இரைச்சலும் இருக்கு” என்று, கேட்கும் திறனைச் சோதித்துக் கருவியைப் பொருத்தும் ஆடியாலஜிஸ்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கருவிகள் வழக்கமாகப் பின்னணி ஒலியைக் குறைக்கத்தான் பார்க்கும். உங்களுக்கோ மின்விசிறி, ஃபிரிட்ஜ், தெருவின் முணுமுணுப்பு எல்லாம் வேண்டும். அமைதியான நேரத்துக்கென்று, இந்தப் பின்னணி ஒலிக் குறைப்பைத் தளர்த்திய தனி புரோகிராம் ஒன்று வைக்கச் சொல்லலாம். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு ஒலியளவைச் சரிபார்க்கும் வசதி உள்ள இடமென்றால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

5. கருவியே எழுப்பும் ஒலி

பல கருவிகளில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற மென்மையான ஒலியோ அலையோசையோ எழுப்பும் வசதி இருக்கிறது. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு அதை ஏற்றத் தோன்றும், ஏற்றாதீர்கள். அடியிலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டும் கலக்கத் தொடங்கும் இடம் தெரியும், அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள். கேட்காத சத்தத்தை அலட்சியம் செய்ய மூளையால் பழக முடியாது, கேட்டுக்கொண்டே இருந்தால்தான் முடியும்.

6. பழகுவது

முதல் சில நாள் வீட்டில், சில மணி நேரம். எவர்சில்வர் தட்டு விழுந்தால் தூக்கிப்போடும், உங்கள் குரலே அந்நியமாக ஒலிக்கும். போகப் போகச் சரியாகும். நேரத்தைக் கூட்டி, விழித்திருக்கும் பொழுது முழுவதற்கும் கொண்டுவாருங்கள். “வீட்ல பேச ஆளில்லையே” என்று கழற்றி வைப்பவர்கள் அதிகம். இரைச்சல் தலைதூக்குவதே அந்த அமைதியில்தான்! சில வாரங்களில் மறுபடி போய் அளவுகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தூங்கும்போதும் குளிக்கும்போதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். எண்ணெய்க் குளியல் அன்று காது நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்துவிட்டு, படுக்கையருகே விசிறியோ மெல்லிய மழையோசையோ ஓடட்டும். இயர்போன் வேண்டாம்.

7. மூன்று மாதம் கழித்து

அதே 25 கேள்விகளை மறுபடி நிரப்பிப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். குறையவில்லை என்றால் முதலில் குறும்பி, ரப்பர் முனை, ஒலியளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தும் தூக்கம் கெடுகிறது, மனம் நொடிகிறது என்றால், சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தெரிந்த உளவியலாளரிடம் அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கருவியைப் போட்டுக்கொண்டே அதையும் தொடரலாம்.