ட்ரிபிள் ஈ-யில் பிஎச்டி: எங்கிருந்து தொடங்குவது?

ட்ரிபிள் ஈ எனப்படும் மின், மின்னணுப் பொறியியலில் பிஎச்டி சேர்ந்தவுடன் எல்லோரும் கேட்பது "தலைப்பு என்ன?" என்றுதான். அதற்கு அவசரப்பட்டுப் பதில் தேட வேண்டாம். ஏற்கெனவே வெளியான ஒரு முடிவை முதலில் உங்கள் கணினியில் திரும்ப வரவழைத்துப் பாருங்கள். நல்ல தலைப்பு பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும்.

படி 1: பரப்பைச் சுருக்குங்கள். "சூரிய மின்சாரம்" என்பது ஆய்வுச் சிக்கல் ஆகாது. பேனல் வரிசையின் ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் பவர் வளைவில் பல உச்சிகள் வரும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பவர் கூடுகிறதா என்று பார்த்து உச்சியைத் தேடும் பெர்டர்ப் அண்ட் அப்சர்வ் முறை, சின்ன உச்சி ஒன்றிலேயே மாட்டிக்கொள்ளலாம். இது சிக்கல். இதை அளக்க முடியும், தீர்வு சொன்னால் சோதிக்கவும் முடியும்.

படி 2: நெறியாளர். அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள். ஆய்வகத்தில் என்னென்ன கருவிகள் உண்மையில் வேலை செய்கின்றன என்றும் கேளுங்கள்.

படி 3: வாசிப்பு. ரிவ்யூ கட்டுரை ஒன்றில் தொடங்கி, அதன் மேற்கோள்கள் வழியாகப் பின்னோக்கிப் போங்கள். படித்த ஒவ்வொன்றுக்கும் எக்செலில் ஒரு வரி போதும்: எதை அனுமானித்தார்கள், எதில் சோதித்தார்கள், எதை விட்டுவிட்டார்கள். எதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

படி 4: திரும்பச் செய்து பார்ப்பது. இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். மின் விநியோகத்தில் ஆய்வு என்றால், பாரன், வூ இருவரும் 1989-இல் வெளியிட்ட 33-பஸ் அமைப்பை, அதாவது 33 இணைப்பு முனைகள் கொண்ட மாதிரி விநியோக வலையை, எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் 12.66 கிலோவோல்ட், மொத்தச் சுமை 3,715 கிலோவாட், 2,300 கிலோவார் (ரியாக்டிவ் பவர்). லோடு ஃப்ளோ (ஒவ்வொரு பஸ்ஸின் மின்னழுத்தத்தையும் லைன் இழப்பையும் கண்டுபிடிக்கும் கணக்கு) ஓட்டினால் இழப்பு ஏறக்குறைய 202.7 கிலோவாட் வர வேண்டும். மிகக் குறைந்த மின்னழுத்தம் 18-ஆவது பஸ்ஸில், சுமார் 0.913 பெர் யூனிட், அதாவது பேஸ் எனப்படும் ஒப்பீட்டு மதிப்பை 1 என வைத்தால் வரும் விகிதம்.

வரவில்லையா? கணக்கு முறையைச் சந்தேகிக்கும் முன் தரவைப் பாருங்கள். வழக்கமாகத் திறந்தே இருக்கும் ஐந்து டை லைன்களையும் (மாற்றுப் பாதைக்கான இணைப்பு லைன்கள்) சேர்த்துவிட்டால் இழப்பு குறைவாகக் காட்டும். ஓம் மதிப்பை பெர் யூனிட்டுக்கு மாற்றும்போதும் தவறு நடக்கும்: 10 எம்விஏ பேஸ் என்றால் 12.66-இன் வர்க்கத்தை 10-ஆல் வகுக்க, பேஸ் மின்மறுப்பு சுமார் 16.03 ஓம். எண் பொருந்தும்வரை புது அல்காரிதம் பக்கமே போகாதீர்கள். அடிப்படையே பிசகியிருந்தால் "இழப்பை 30 சதவீதம் குறைத்தோம்" என்பதற்கு அர்த்தமில்லை.

படி 5: ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சுமை மாறுபாட்டையோ, புதிதாக ஒரு மின் உற்பத்தி மூலத்தையோ சேர்க்கலாம். இரண்டையும் சேர்த்தால் எதனால் என்ன நடந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். விலங்கு, பறவை பெயர்களில் அல்காரிதங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, இன்னொன்று வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

படி 6: ஹார்டுவேர். பவர் எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இது தப்பாது. சிமுலேஷனில் சுவிட்ச் சொன்னபடி கேட்கும். போர்டில் பாராசிட்டிக் இண்டக்டன்ஸ் (கம்பிகளிலும் தடங்களிலும் தானாகவே இருக்கும் இண்டக்டன்ஸ்) காரணமாக மின்னழுத்தம் துள்ளும். கரண்ட் லிமிட் வைத்த சப்ளையில், குறைந்த வோல்டேஜில் தொடங்குங்கள். ஆசிலோஸ்கோப் புரோபின் கிரவுண்ட் கிளிப் பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்கும். மேல் சுவிட்சில் அதை மாட்டினால் ஷார்ட் ஆகலாம், அங்கே எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் தேவை. சப்ளையை அணைத்தாலும் டிசி பக்கத்தில் இருக்கும் டிசி லிங்க் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

படி 7: வெளியீடு. முதலில் மாநாடு, அப்புறம் ஜர்னல். மதிப்பீட்டாளர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே உங்கள் பதிலையும், கட்டுரையில் எந்தப் பக்கத்தில் திருத்தினீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.